618 தாய்மரங்களும் 15-ஆவது சுற்றும்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் கோல சிலாங்கூர் நகரிலும் சனிக்கிழமை இரவு சீக்கிரம் முடிவதில்லை. இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டங்கள் பல மலேசிய நேரத்துக்கு இரவு 10 மணிக்குத் தொடங்குகின்றன. உணவகத் திரையில் ஓர் ஆட்டம் ஓட, மேசைமேல் இருக்கும் கைப்பேசிகளில் இன்னோர் ஆட்டம் நடக்கிறது. அதற்கு ஃபேண்டசி காற்பந்து என்று பெயர். தமிழில் கற்பனைக் குழு ஆட்டம் எனலாம். உண்மையான ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஒரு குழு அமைத்துக்கொள்கிறோம். அவர்கள் கோல் அடித்தாலோ, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாலோ, கோல் விடாமல் காத்தாலோ நம் கணக்கில் புள்ளி ஏறும்.

இதில் ‘டிராஃப்ட்’ என்றொரு முறை உண்டு. நண்பர்கள் சுற்றுச் சுற்றாக, ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கையில் போன ஆட்டக்காரர் மற்றவருக்குக் கிடையாது. ஆளுக்கு 15 பேர்: 2 கோல் காவலர், 5 தற்காப்பு, 5 மத்தியத் திடல், 3 தாக்குதல். நாலைந்து பேர் ஆடினால் இது எளிது; நல்ல பெயர்கள் எல்லாருக்கும் போதும். 16 பேர் சேர்ந்தால் கதை மாறிவிடும். 16 பேருக்குத் தலா 15 என்றால் 240 ஆட்டக்காரர்கள். பிரிமியர் லீக்கில் இருப்பதோ 20 குழுக்கள். ஒரு வாரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவோர் 220 பேர்தான். கோல் காவலர் கணக்கு இன்னும் மோசம்: தேவை 32, திடலில் நிற்பவர்கள் 20. ஆக, முதல் நாள் முதல் ஆட்டத்தில் இறங்குவார்களா என்றே தெரியாத சிலரையும் எடுத்தே ஆகவேண்டும்.

எர்லிங் ஹாலண்டை முதல் சுற்றில் எடுக்கப் பெரிய யோசனை வேண்டாம். 15-ஆவது சுற்றில், பட்டியலில் மிஞ்சியிருக்கும் முந்நூறு சொச்சம் பெயர்களுக்குள் யாரும் கவனிக்காத ஒருவர் ஒளிந்திருப்பார். விளையாடுபவர்கள் அவரை ‘ஸ்லீப்பர்’ என்பார்கள். பருவம் முடியும்போது எல்லாரும் அவரைத் தெரியும் என்பார்கள்; தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. அவரைத் தேட முறையான வழி ஏதேனும் உண்டா, அல்லது அதிர்ஷ்டம் மட்டும்தானா?

இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலாங்கூரில் கேட்டிருக்கிறார்கள். அன்று தேடப்பட்டது ஆட்டக்காரர் அல்ல, ரப்பர் மரம்.

தொடக்கக் காலத் தோட்டங்களில் ரப்பர் விதையிலிருந்து வளர்க்கப்பட்டது. விதைக்கன்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே நாளில் நட்ட, ஒரே நிரையில் நின்ற இரண்டு மரங்களில் ஒன்று மங்கு என்னும் கோப்பை நிறையப் பால் தரும்; பக்கத்து மரம் அடியை நனைத்ததோடு நிறுத்திக்கொள்ளும். பால்வெட்டுக்குப் போன நம் பாட்டிமாருக்கு இது ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். 1920-களில் பிராங் புசார் தோட்டத்தைச் சேர்ந்த மேஜர் கோஃப் என்பவர் காஜாங் வட்டாரத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மரங்களுக்குள் தேடி, அதிகம் பால் தரும் 618 தாய்மரங்களைப் பொறுக்கி எடுத்தார். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தாய்மரங்களின் மொட்டுகளை எடுத்து வேறு கன்றுகளில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். 618-இல் பெயர் பெற்று நிலைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றுள் ஒன்று பி.பி. 86. பின்னர் ரப்பர் ஆய்வுக் கழகம் அதை ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1 என்ற வகையோடு கலந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐ உருவாக்கியது. மலேசியா, தாய்லாந்து, கேரளம் எங்கும் பரவிய மரம் அது.

மற்ற தாய்மரங்களுக்கு என்ன ஆயிற்று? பத்து லட்சத்தில் சிறந்தவை என்று எடுத்தவைதானே? ஒரு மரம் தரும் பாலில் மூன்று பங்கு கலந்திருக்கிறது. மரத்தின் இயல்பு ஒன்று. அது நிற்கும் இடம் இன்னொன்று: நல்ல மண், ஓரத்து வெயில், பக்கத்தில் பட்டுப்போன மரம் விட்டுச்சென்ற வெளி. மூன்றாவது தற்செயல்: அளந்த நாளில் மழை இல்லை, வெட்டியவர் கை தேர்ந்த கை. மங்கைப் பார்த்தால் மூன்றும் சேர்ந்த பால்தான் தெரியும். அதிகம் தந்த மரங்களைப் பொறுக்கும்போது இயல்பில் சிறந்தவற்றோடு, இடத்தாலும் தற்செயலாலும் உயர்ந்தவையும் சேர்ந்தே வரும். அவற்றின் மொட்டைக் கொண்டுபோய் வேறு இடத்தில் ஒட்டினால் இயல்பு மட்டும்தான் கூடவே போகும். மற்ற இரண்டும் பழைய மண்ணிலேயே நின்றுவிடும். அதனால்தான் பல ஒட்டுகள் சாதாரண மரங்களாக வளர்ந்தன. புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர்.

காற்பந்து ஆட்டக்காரரின் கோல் எண்ணிக்கையும் இந்த மூன்றின் கலவைதான். இயல்பு அவருடைய திறமை. இடம் என்பது அவர் ஆடும் குழு, கிடைக்கும் நிமிடங்கள், பெனால்டி உதைப்பவர் அவரா இல்லையா என்பது. தற்செயல் என்பது கம்பத்தில் பட்டு உள்ளே போன பந்தும், கம்பத்தில் பட்டு வெளியே வந்த பந்தும். ஸ்லீப்பரைத் தேடுவது என்றால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான். ஆனால் ஆட்டக்காரரை ஒட்டுக்கட்டிப் பத்து இடத்தில் நட முடியாது. கணக்கால்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் நிமிடம். மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் சென்ற பருவத்தில் 3,000 நிமிடம் ஆடி 10 கோல் அடித்தார். இரண்டாமவர் அடிக்கடி மாற்று ஆட்டக்காரராக இறங்கி 450 நிமிடத்தில் 3 கோல் அடித்தார். மூன்றாமவர் ஒரே ஒரு நாள் பிற்பாதியில் 45 நிமிடம் ஆடி ஒரு கோல் அடித்தார். மொத்தத்தைப் பார்த்தால் 10, 3, 1. பெரும்பாலான பட்டியல்கள் இந்த வரிசையில்தான் இருக்கும். அவசரத்தில் தேர்ந்தெடுப்பவர் இதைத்தான் பார்ப்பார். ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது 90 நிமிடத்துக்கு, எத்தனை கோல் என்று மாற்றினால் 0.30, 0.60, 2.00. வரிசை தலைகீழாகிவிட்டது.

மூன்றாமவர் ஆட்டத்துக்கு இரண்டு கோல் அடிப்பவர் என்று யாரும் நம்ப மாட்டோம். 45 நிமிடத்தில் அவ்வளவு தெரிந்துவிடாது என்று மனம் சொல்கிறது. அப்படியானால் 450 நிமிடத்தில் தெரியுமா? எவ்வளவு தெரியும்? இந்த மனக்கணக்கைத்தான் புள்ளியியல் ஒரு முறையாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சராசரித் தாக்குதல் ஆட்டக்காரரின் பத்து ஆட்டங்களைக் கற்பனையாகச் சேர்த்துவிட வேண்டும். சராசரி ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு 0.35 கோல் அடிப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவர் கணக்கிலும் கூடுதலாகப் பத்து ஆட்டம், மூன்றரைக் கோல். இப்போது மறுபடி வகுத்தால் முதலாமவர் 0.31, இரண்டாமவர் 0.43, மூன்றாமவரும் 0.43. அதிகம் ஆடியவரின் எண் ஏறக்குறைய அசையவில்லை. கொஞ்சமே ஆடியவர்களின் எண் சராசரியை நோக்கி வேகமாக இழுபட்டது. இதை நாம் சராசரி இழுப்பு என்று அழைக்கலாம்.

பத்து ஆட்டம் என்பது எங்கிருந்து வந்தது? இங்கே எடுத்துக்காட்டுக்காக நான் வைத்த எண் அது. உண்மையில் அதைத் தரவே சொல்லும். ஒரு பருவத்தின் ஆட்டங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியில் முன்னணியில் இருந்தவர்கள் இரண்டாம் பாதியிலும் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருந்தால் அந்த அளவை நம்பலாம். சேர்க்க வேண்டிய கற்பனை ஆட்டங்கள் குறைவு. இடம் மாறிக் கலைந்துபோனால் தற்செயல் அதிகம். நிறையச் சேர்க்க வேண்டும்.

இந்த இழுப்பு வெறும் எச்சரிக்கை உணர்வு அல்ல, உண்மைக்கு மேலும் அருகில் கொண்டுபோகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1956-இல் சார்ல்ஸ் ஸ்டைன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஒரு விந்தையான முடிவை நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, ஒவ்வொருவரையும் அவரவர் எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடுவதைவிட, எல்லாரையும் பொதுவான ஒரு மதிப்பை நோக்கிச் சற்று இழுத்து மதிப்பிட்டால் மொத்தப் பிழை குறைகிறது. பலரால் இதை முதலில் ஏற்க முடியவில்லை. 1970-களில் பிராட்லி எஃப்ரன், கார்ல் மோரிஸ் இருவரும் பேஸ்பால் ஆட்டத்தை எடுத்துச் சோதித்தார்கள். 1970-ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 ஆட்டக்காரர்கள் முதல் 45 முறை மட்டை பிடித்தபோது எத்தனை முறை வெற்றிகரமாக அடித்தார்கள் என்று குறித்தார்கள். ரொபெர்ட்டோ கிளெமென்டே 45-இல் 18 அடித்து, 0.400 என்று முதலிடத்தில் இருந்தார். மேக்ஸ் ஆல்விஸ் 7 மட்டும் அடித்து, 0.156 என்று கடைசி. பருவத்தின் மீதிப் பகுதியில் கிளெமென்டே 0.346-க்கு இறங்கினார், ஆல்விஸ் 0.200-க்கு ஏறினார். 18 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, இழுத்துப் போட்ட மதிப்பீட்டின் பிழை, இழுக்காத மதிப்பீட்டின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது.

நமக்கு நெருக்கமான ஒரு நினைவு இருக்கிறது. 2010 டிசம்பரில் ஆசியான் சுசுகி கிண்ணப் போட்டி. கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியக் குழு, இளைஞர்கள் நிறைந்த குழு, முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அன்றிரவு அந்தக் குழுவைப் பற்றி நாடு என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே மாதம் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2 என்று மலேசியா முதல் முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. நான்கு வாரத்தில் திறமை அவ்வளவு மாறிவிடுவதில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவில் தற்செயலுக்கு அவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது.

கோல் என்பதே அரிதான நிகழ்ச்சி. அரிதானதை எண்ணினால் தற்செயல் கூடும். ஆகவே கோலுக்கு முந்தைய படியை எண்ணலாம் என்ற யோசனை பழையது. சார்ல்ஸ் ரீப் என்ற பிரிட்டிஷ் விமானப்படைக் கணக்கர் 1950-இல் சுவிண்டன் டவுன் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பென்சில் எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பிறகு வாழ்நாளெல்லாம் குறித்தார். ஏறத்தாழப் பத்து முறை கோலை நோக்கி உதைத்தால் ஒன்று உள்ளே போகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று அவர் சொன்ன முடிவுகள் பலவற்றைப் பின்வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். எண்ண வேண்டும் என்று அவர் தொடங்கிவைத்ததை யாரும் மறுக்கவில்லை.

எல்லா உதையும் சமம் அல்ல. ஆறு கெஜத்திலிருந்து உதைப்பதும் முப்பது கெஜத்திலிருந்து உதைப்பதும் ஒன்றா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்த அளவு இதைத்தான் சரிசெய்கிறது. அதை எதிர்பார்ப்பு கோல் எனலாம். பல்லாயிரம் பழைய உதைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இதே இடத்திலிருந்து, இதே கோணத்தில், காலாலோ தலையாலோ அனுப்பிய பந்துகளில் எத்தனை கோலாயின என்று பார்க்கிறார்கள். பெனால்டி நான்கில் மூன்றுக்குச் சற்று அதிகமாகக் கோலாகிறது. ஆகவே ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேலான மதிப்பு, அது உள்ளே போனாலும் போகாவிட்டாலும். பெட்டிக்கு வெளியேயிருந்து வரும் பெரும்பாலான உதைகளுக்கு நூற்றில் சில பங்குதான். ஓர் ஆட்டக்காரரின் எல்லா உதைகளின் மதிப்பையும் கூட்டினால், ஒரு சராசரி ஆட்டக்காரர் அதே வாய்ப்புகளில் எத்தனை கோல் அடித்திருப்பார் என்பது கிடைக்கும்.

பருவத்தை இரண்டாகப் பிரிக்கும் அதே சோதனையில் இந்த அளவு கோல் எண்ணிக்கையைவிடத் தேறுகிறது. நல்ல இடத்துக்கு ஓடிப்போய் நிற்பது ஒருவருடைய இயல்பு. அது அடுத்த மாதமும் கூட வரும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது இயல்பு அல்ல. ஆகவே எதிர்பார்ப்பு கோல் 6 என்றிருந்து உண்மையில் 2 மட்டும் அடித்தவர் பட்டியலின் அடியில் கிடப்பார். அவரைத் தேடிப் பார்க்க வேண்டும். எதிர்பார்ப்பு 2 என்றிருந்து 6 அடித்தவர் மேலே மின்னுவார். அவரை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

இனி இடம். ஸ்லீப்பர்களில் பெரும்பாலானோர் திறமை வளர்ந்ததால் வெளிப்படுவதில்லை. இடம் மாறியதால் வெளிப்படுகிறார்கள். முன்னால் இருந்தவர் காயமடைகிறார், புதுப் பயிற்சியாளர் வருகிறார், பெனால்டி உதைத்தவர் வேறு குழுவுக்குப் போகிறார். விதியும் மாறும். 2025-26 பருவத்தில் ஃபேண்டசி பிரிமியர் லீக் ஒரு புதிய புள்ளி முறையைக் கொண்டுவந்தது: தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் பந்தை விரட்டுதல், மறித்தல், இடைமறித்தல், பறித்தல் எல்லாம் சேர்த்துப் பத்து முறை செய்தால் 2 புள்ளி. எந்நேரமும் எதிரியின் தாக்குதலைத் தாங்கிக்கொண்டிருக்கும் பலவீனமான குழுக்களின் நடுத் தற்காப்பாளர்கள் ஒரே நாளில் மதிப்புப் பெற்றார்கள். அவர்கள் செய்த வேலை முன்பும் அதேதான். அதற்குத் தனிப் புள்ளி இருக்கவில்லை, அவ்வளவே.

2015-16-இல் லெஸ்டர் சிட்டி பிரிமியர் லீக்கை வென்ற கதையில் இவை எல்லாம் ஒன்றாக வருகின்றன. ரியாத் மாரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில், ல ஆவ்ர் குழுவில் இருந்து வந்தவர். லெஸ்டரின் தேர்வாளர் ஸ்டீவ் வால்ஷ் அங்கே பார்க்கப் போனது ரையன் மென்டெஸ் என்ற வேறோர் ஆட்டக்காரரை. கண் மாரெஸ்மேல் விழுந்தது. 2014 தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். சாம்பியன் பருவத்தில் அவர் 17 கோல் அடித்தார். ஃபேண்டசி ஆட்டத்தில் 5.5 என்ற மலிவு விலையில் பருவத்தைத் தொடங்கி, எல்லாரையும் முந்திப் புள்ளி குவித்தார். அதே லெஸ்டர் குழுவின் எங்கோலோ கான்டே, கான் என்ற சிறு குழுவில் பந்தைப் பறித்தெடுக்கும் எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தவர். பார்வைக்குக் குட்டையானவர், கோல் அடிப்பவர் அல்லர். அவர்களோடு ஆடிய ஜேமி வார்டி 16 வயதில், உருவம் சிறியது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே குழுவால் விடப்பட்டவர். 2011-12-இல் ஃபிளீட்வுட் டவுன் குழுவுக்காக, தொழில்முறை லீக் அடுக்குகளுக்கு வெளியே, 31 லீக் கோல் அடித்தார்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. வார்டியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கீழ் லீக்கில் நிறையக் கோல் அடித்து, மேலே வந்து காணாமல் போனவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. 618 தாய்மரங்களில் பி.பி. 86 போன்ற சிலவற்றின் பெயர் மட்டும் நமக்குத் தெரிவதுபோலத்தான். வெற்றிக் கதைகளை மட்டும் படித்துவிட்டு, குட்டையாக இருப்பவரெல்லாம் ஸ்லீப்பர் என்று கிளம்பினால் லீக்கில் கடைசி இடம் நிச்சயம்.

சரி, கடைசிச் சுற்றில் யாரை எடுப்பது? கற்பனை ஆட்டக்காரர்களில் இரண்டாமவரும் மூன்றாமவரும் இழுப்புக்குப் பின் ஒரே எண்ணில் வந்து நின்றார்கள். முதலாமவர் 0.31 என்று கீழே இருந்தாலும் உறுதியானவர். அவர் என்ன தருவார் என்று தெரியும். உங்கள் முதல் சுற்றில் உறுதிக்கு மதிப்பு அதிகம். அங்கே தவறினால் பருவமே போய்விடும். 15-ஆவது சுற்றில் நிலைமை வேறு. அங்கே எடுத்தவர் சோபிக்காவிட்டால் மூன்று வாரத்தில் கழற்றிவிட்டு, யாரும் எடுக்காத இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இழப்பு சிறியது, கிடைத்தால் லாபம் பெரியது. ஆகவே கடைசிச் சுற்றுகளில் உறுதியான சாதாரணரைவிட, உறுதியில்லாத ஆனால் மேலே போகக்கூடியவரை எடுப்பதே சரி. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே நான் இரண்டாமவரையே எடுப்பேன். மூன்றாமவரின் 0.43-இல் அவருடைய சொந்தச் சரக்கு மிகக் கொஞ்சம். ஏறக்குறைய முழுவதும் நாம் கடன் கொடுத்த சராசரி.

அந்தக் கடனைப் பற்றித்தான் நான் உண்மையில் பேச விரும்புகிறேன்.

சராசரி இழுப்பு மொத்தத்தில் பிழையைக் குறைக்கிறது. ஆனால் யாருக்கு அது தீங்கு செய்கிறது என்று கேட்டால், உண்மையிலேயே அசாதாரணமானவருக்கு. கிளெமென்டேயை மறுபடி பாருங்கள். அவர் 0.400-லிருந்து 0.346-க்குத்தான் இறங்கினார். எஃப்ரன்-மோரிஸ் மதிப்பீடோ அவரை 0.300-க்கும் கீழே இழுத்துவிட்டது. அவர் மேதை என்பது அந்த 45 முறைக்குள் கணக்குக்குத் தெரியாது. அதோடு, எந்தச் சராசரியை நோக்கி இழுக்கிறோம் என்பதைக் கணக்கு முடிவு செய்வதில்லை. மனிதர் முடிவு செய்கிறார். தாக்குதல் ஆட்டக்காரரைத் தாக்குதல் ஆட்டக்காரர்களின் சராசரிக்கு இழுக்கலாம், தற்காப்பாளரின் சராசரிக்கு இழுத்தால் அநியாயம். இது தெளிவு. ஆனால் கீழ் லீக்கிலிருந்து வந்தவரை எந்தச் சராசரிக்கு இழுப்பது? தோட்டத்துப் பையனை?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளின் காற்பந்து இந்தக் கேள்விக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பின்னர் பல தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. குடும்பங்கள் லயன்களை விட்டு நகரோரக் குடியிருப்புகளுக்குப் போயின. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். 150-க்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. 60 பேர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்குப் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் பையன்கள். நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளைச் சேர்த்தாலும் 15 பையன்கள். ஓடத் தெரிந்தவனும் ஓடத் தெரியாதவனும் குழுவில் இருப்பார்கள். 600 பேர் படிக்கும் பள்ளி 150 பையன்களிலிருந்து பொறுக்கி எடுத்த குழுவோடு அவர்கள் மோத வேண்டும். இரண்டு ஆட்டத்தில் தோற்று மதியத்துக்குள் பேருந்து ஏறிவிடுவார்கள். அந்தக் குழுவில் ஒரு வார்டி இருந்தாலும், தேர்வாளர் அவனைப் பார்த்தது மிகச் சில நிமிடம். அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. நிமிடமும் குறைவு, இடமும் மோசம்.

நல்ல மண்ணில் நின்று மங்கு நிறையத் தரும் மரத்தைவிட, கல்லுத் தரையில் நின்று முக்கால் மங்கு தரும் மரத்தின் மொட்டே எடுக்கத் தகுந்தது. இதைச் சரிசெய்யும் வழி புள்ளியியலில் இருக்கிறது: யாருக்கு எதிராக, யாரோடு சேர்ந்து ஆடினான் என்பதைக் கணக்கில் சேர்ப்பது. இழுப்பதற்கு அவனைப் போன்ற சூழலில் ஆடிய பிள்ளைகளின் சராசரியை எடுப்பது. நடைமுறையில் நடப்பது வேறு. தோட்டத்துப் பிள்ளை என்றதும் தேர்வாளர் மனம் தானாகவே ஒரு தாழ்ந்த சராசரியை எடுத்துவைத்து அதை நோக்கி இழுக்கிறது. சில நிமிட ஆட்டத்தால் அந்த இழுப்பை எதிர்த்து நிற்க முடியாது. குறைந்த தரவு இருக்கும்போது முன்முடிவே வெல்லும் என்பது இந்தக் கணக்கின் இயல்பு. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை.

பிறந்த மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1980-களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர், ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருந்த பிறந்த தேதிகளில் ஜனவரியும் பிப்ரவரியும் நிறைந்திருப்பதை மனைவி சுட்டிக்காட்டியதிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். முடிவுகளை 1985-இல் வெளியிட்டார். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குவதால் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவன். 12 வயதில் ஒரு வயது என்பது பெரிய உடல் வித்தியாசம். ஜாதகம் அல்ல, எல்லைத் தேதிதான் காரணம் என்று எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவில் இளையோர் காற்பந்தின் எல்லைத் தேதியை மாற்றியபோது, சாதகமும் புதிய தேதிக்குப் பின்னால் பிறந்தவர்களிடம் நகர்ந்தது. நம் பள்ளிப் போட்டிகளும் பிறந்த ஆண்டை வைத்தே பிரிக்கப்படுகின்றன. மலேசியக் காற்பந்து நட்சத்திரம் மொக்தார் டஹாரி பிறந்தது 1953 நவம்பர் 13. ஒரு மனிதரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஜேமி வார்டி ஜனவரியில் பிறந்தும் சிறியவன் என்றுதான் விடப்பட்டார். ஆயினும் நவம்பர் பிள்ளை ஒருவன் 12 வயதில் மற்றவர்களுக்கு ஈடாக ஆடினால், அவன் எண்ணைச் சற்று மேலே தூக்கிப் படிக்க வேண்டும்.

சிற்றூரில் பிறப்பது குறையே அல்ல என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கனடாவின் ழான் கோட்டேயும் அவர் குழுவினரும் 2006-இல் வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிறந்த ஊர்களை ஆராய்ந்தார்கள். மிகப் பெரிய நகரங்களிலிருந்து வந்தவர்கள் அந்நகரங்களின் மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைவு. சிறு நகரங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். திறந்த வெளியும், பெரியவர்களோடு சேர்ந்து கட்டுப்பாடின்றி ஆடும் நேரமும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். தோட்டத் திடலில் மாலை வெளிச்சம் உள்ள மட்டும் அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

ஆகவே வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் அடுத்த காற்பந்துப் போட்டியில் கோல் அடித்தவர் பெயரோடு இன்னும் நான்கு விவரங்களைக் குறிக்கலாம்: ஒவ்வொரு பிள்ளையும் ஆடிய நிமிடம், பெட்டிக்குள்ளிருந்து உதைத்த எண்ணிக்கை, பிறந்த மாதம், அந்தப் பள்ளியில் எத்தனை பேரிலிருந்து அந்தக் குழு எடுக்கப்பட்டது. ஓர் ஆசிரியரும் இரண்டு பெரிய மாணவர்களும் ஓரத்தில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை. முதல் ஆண்டில் அந்த எண்களால் யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இழுத்துப் பார்க்கச் சராசரியே அப்போது இருக்காது. மூன்றாம் ஆண்டில் கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு சராசரி கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு தேர்வாளர் வரும்போது, எந்தப் பையனை, எந்தப் பெண்ணை இன்னும் நூறு நிமிடம் ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம்.